பத்தொன்பது ரோஜா வண்டுகள்

சுத்தம் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம்தான். அதை மறைத்துப் பயனில்லை, தாதேஸ் பள்ளத்தாக்கு முழுவதற்கும் தெரியும். மலைமேல் இருக்கும் எங்கள் சூரிய ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகக் கருவிகளைப் பராமரிக்கிறவன் நான். என் தரையில் ஒரு ரொட்டித் துணுக்கு கிடந்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. "பாஸ்ஸு துடைச்சா தட்டுல வரைஞ்சிருக்கிற பூவும் சேர்ந்து போயிடும்" என்று என் மனைவி ரக்கியா ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அவள் வாயில் எது விழுந்தாலும் அரைபட்டுத்தான் வெளியே வரும். ஆனால் அந்த மே மாதம் அவள் சொன்னது அப்படியே பலித்துவிட்டது.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபுரத்தின் உச்சியில் இருக்கும் கண்ணாடிகள் சூரிய வெளிச்சத்தைப் பிடித்துக் கீழே இருட்டறைக்கு அனுப்பும். அங்கே ஒரு மெல்லிய பிளவு வழியாக அது நுழைந்து வானவில்லாக விரியும். அந்த வானவில்லைப் பெரிதாக்கிப் பார்த்தால் குறுக்கே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு பொருளின் கையெழுத்து. எங்களுக்கு வேண்டியது இரும்பின் கோடு. சூரியனில் கரும்புள்ளி இருக்கும் இடத்தில் காந்தம் பலமாக இருக்கும், அங்கே இந்த ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்ததில் ஒரு பாதியின் ஒளி வலமாகச் சுழன்று வரும், மற்றது இடமாகச் சுழன்று வரும். வெறும் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்காகப் பிளவுக்கு முன்னால் ஒரு சதுர மைக்கா தகடும், அதன் பின்னால் இரண்டு போலராய்டு துண்டுகளும் வைத்திருக்கிறோம். மேல் துண்டு வலச்சுழிக்கு மட்டும் வழிவிடும், கீழ்த் துண்டு இடச்சுழிக்கு மட்டும். இரண்டில் எது சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தப் புள்ளி வடதுருவமா தென்துருவமா என்று தெரிந்துவிடும். எனக்கு இது புரிய மூன்று வருஷம் ஆனது. உங்களுக்கு மூன்று நிமிஷத்தில் புரிந்திருந்தால் பெருமை எனக்குத்தான்.

கரும்புள்ளிகள் ஜோடி ஜோடியாகத்தான் வரும். ஏறக்குறைய பதினோரு வருஷம் சூரியனின் வட பாதியில் முன்னால் போகிற புள்ளி ஒரே துருவமாக இருக்கும். பிறகு சூரியன் கொஞ்ச காலம் வெறுமையாகக் கிடக்கும். அடுத்த சுற்றில் வரும் ஜோடிகளில் துருவம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தின் முதல் புள்ளியைப் பிடிக்கத்தான் இத்தோ காத்திருந்தாள்.

இத்தோ எங்கள் வானியலாளர். பள்ளத்தாக்கில் ரோஜா பயிரிடும் குடும்பம். தலைநகர் ரபாத்தில் படித்து, வெளிநாட்டில் பட்டம் வாங்கி, அங்கேயே இருக்கச் சொன்னவர்களிடம் "எங்க ஊர் வெயில் அங்க கிடைக்காதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவள். போன சுற்று தொடங்கியபோது அவள் இங்கே பயிற்சிக்கு வந்திருந்தாள். அன்றைக்குக் கடும் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டாள். முதல் புள்ளியை யாரோ எங்கோ பார்த்தார்கள். அதிலிருந்து அடுத்த முறைக்காகக் காத்திருந்தாள். அன்று இருபத்து மூன்று வயது, இப்போது முப்பத்து நான்கு. இடையில் இரண்டு நல்ல வரன்கள் வந்தன. "சூரியன் ஒரு சுத்து முடிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் அம்மா என்னைத்தான் திட்டினாள், நான் என்ன செய்வேன்?

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு இருபது. முப்பத்தேழு நாளாக வெறுமையாக இருந்த சூரியனில், வட பாதியில், இரண்டு கடுகு மணிகள்.

"பாஸ்ஸு அண்ணே!" என்று அவள் போட்ட சத்தத்தில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

அவசர அவசரமாக மூன்று படங்கள் எடுத்தோம். புள்ளிகள் இருந்த இடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. புதிய சுற்றின் புள்ளிகள் நடுக்கோட்டுக்கு வெகு தூரத்தில் வரும், பழசு நடுக்கோட்டை ஒட்டி வரும். இவை இரண்டுக்கும் நடுவில், மாமியார் வீட்டுக்கும் தாய் வீட்டுக்கும் இடையில் தங்கிவிட்ட மருமகள் மாதிரி நின்றன. துருவம்தான் சொல்ல வேண்டும். பதினோரு மணிக்குப் புள்ளிகள் கரைந்தே போய்விட்டன. நல்லவேளை, படம் கையில் இருந்தது.

படத்தைக் கழுவி, காயவைத்து, உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள் இத்தோ. வெகு நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் சுருங்கிப் போயிருந்தது.

"பழசு அண்ணே. போன சுத்தோட கடைசி எச்சம். துருவம் மாறல."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேன். மேல் துண்டு வழியா வந்த கோடு நீலப் பக்கம் போயிருக்கு. சந்தேகமே இல்ல."

எங்கள் இயக்குநர் சி மிமூன் தந்திப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். 'சி' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா' மாதிரி. வெயிலோ பனியோ, சிவப்புக் கழுத்துப் பட்டை கட்டாமல் மலையேறாத மனிதர். எங்களைப் போன்ற ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அன்றன்றைய புள்ளிகளை உலக மையத்துக்குத் தந்தியில் சொல்ல வேண்டும். கீழே கெலா ஊர்த் தபால் நிலையம் நாலரைக்கு மூடிவிடும், திங்கள் காலைதான் திறக்கும்.

"விடும்மா. பழசுன்னே எழுதிடலாம். புதுசு வராமலா போயிடும்?" என்றார்.

இத்தோ தலையை மட்டும் ஆட்டினாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பென்சில் முனையைச் சீவிக்கொண்டிருந்தாள், அதுதான் என்னை உலுக்கிவிட்டது. அவளைப் பார்க்க முடியாமல் பிளவுப் பக்கம் திரும்பினேன். பித்தளைச் சட்டத்தில் மைக்கா தகடு பளபளவென்று இருந்தது. என் வேலை, பிப்ரவரியில் பனியில் பாதை அடைத்திருந்தபோது கழற்றிக் கழுவி மாட்டியது. அதைப் பார்த்துப் பெருமைப்படப் போனவனுக்கு அதன் மூலை கண்ணில் பட்டது.

அந்த மூலையில் முன்பு சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. யாரோ கைபட்டு அழுக்காக்கியது என்று நினைத்து, ஸ்பிரிட் போட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தேன். தகடு நாலு பக்கமும் ஒரே அளவுள்ள சதுரம். சட்டத்தில் நாலு விதமாகவும் உட்காரும். அதில் இரண்டு விதம் சரி. மற்ற இரண்டில் மேல் துண்டு இடச்சுழிக்கும் கீழ்த் துண்டு வலச்சுழிக்கும் வழிவிடும். எல்லாமே தலைகீழ். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று காட்டத்தான் அந்தப் பொட்டு என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. பிப்ரவரிக்குப் பிறகு வந்த ஓரிரு புள்ளிகளும் படம் எடுக்க முடியாத அளவுக்குப் பலவீனம். ஆகையால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

சொல்லாமல் விட்டால்? யாருக்கும் ஒன்றும் தெரியாது. பழசு என்று தந்தி போகும், உலகம் பாட்டுக்குச் சுற்றும், பதினெட்டு வருஷத்துப் பேர் நிலைக்கும். உண்மையைச் சொல்கிறேன், சி மிமூன் பேனா மூடியைத் திறக்கும்வரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், சூரியனை எதில் மறைப்பது?

"எழுதாதீங்க சி மிமூன்" என்றேன். பொட்டைத் துடைத்ததை முழுவதும் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் கழுத்துப் பட்டையைவிடச் சிவந்தது.

"அப்போ நம்ம கையில என்னதான்யா இருக்கு? புள்ளி வந்துச்சு. வடக்காவும் இருக்கலாம், தெற்காவும் இருக்கலாம், எங்க பாஸ்ஸுவத்தான் கேட்கணும்னு தந்தி அடிக்கட்டுமா?"

இத்தோ எழுந்து என் எதிரில் வந்து நின்றாள். "சிவப்புப் பொட்டா அண்ணே? மூலையில?"

"ஆமாம்மா."

"அது அழுக்கு இல்ல, என் நகச்சாயம்! வந்த மறுவருஷம் நான்தான் வெச்சேன். அதையா சுரண்டுனீங்க?"

அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் உதட்டோரம் துடித்தது, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அப்போ பழசுன்னு யாரும் சொல்ல முடியாது! புதுசாவும் இருக்கலாம்! சி மிமூன், புதுசாவும் இருக்கலாம்!"

"இருக்கலாம்னு தந்தி அடிக்க முடியாதும்மா" என்றார் அவர்.

அதுதான் சிக்கல். வழக்கமாக என்றால் துருவம் தெரிந்த பெரிய புள்ளி ஒன்றைப் பார்த்துத் தகட்டைச் சரிபார்த்துவிடலாம். சூரியன்தான் துடைத்த தட்டு மாதிரி இருக்கிறதே. சரிபார்க்கும் பட்டகம் ரபாத்தில் இருக்கிறது, கேட்டு வாங்க மூன்று வாரம் ஆகும். தகட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்று நான் கை நீட்டியதும் இருவரும் ஒரே குரலில் "தொடக் கூடாது!" என்று கத்தினார்கள். கழற்றினால் காலையில் எப்படி இருந்தது என்ற ஒரே சாட்சியும் போய்விடும். பிளவை அகலமாகத் திறந்து, முன்னால் விளக்கு ஏற்றி, பின்னால் இருந்து கைலென்ஸ் வழியாகத் தகட்டில் ஏதாவது அடையாளம் மிச்சம் இருக்கிறதா என்று இத்தோ பார்த்துக்கொண்டிருந்தாள். என் துடைப்பில் என்ன மிஞ்சும்?

அப்போதுதான் ரக்கியா வந்தாள். ரோஜாக் காலத்தில் சனிக்கிழமைதோறும் எங்களுக்குப் பார்லி ரொட்டியும் மோரும் கொண்டுவந்துவிட்டு, காலையில் பறித்த பூ மூட்டைகளைப் பன்னீர் ஆலைக்குக் கொண்டு போவாள். வண்டியை அவளேதான் ஓட்டுவாள். கையில் ரோஜா மாலை, எங்கள் ஊர் வழக்கப்படி இதய வடிவத்தில் கோத்தது.

"புள்ளி வந்துடுச்சாமே! இங்க முத்தம் கூட்டுற பையன் கீழ வந்து சொன்னான். எங்கடி கல்யாணப் பொண்ணு?" என்று நுழைந்தவள் எங்கள் முகங்களைப் பார்த்து நின்றாள். "என்ன, யாராவது போயிட்டாங்களா?"

"பொட்டு போயிடுச்சு. உன் வீட்டுக்காரர் துடைச்சிட்டார்" என்றார் சி மிமூன்.

"அல்லாஹ்வே! சூரியன்ல இருந்தா?"

"தகட்டுல இருந்தும்மா."

"அதானே பாத்தேன். ஏணி எட்டாதேன்னு நெனச்சேன்." மாலையை இத்தோவின் கழுத்தில் போடத் தூக்கினாள். அதிலிருந்து ஒரு பச்சை வண்டு விழுந்து, என் பித்தளைச் சட்டத்தின் விளிம்பில், தகட்டுக்கு நேர் முன்னால் உட்கார்ந்தது.

"ஏய், எடு அதை! என் பிளவுமேல வண்டா!" என்று பாய்ந்தேன்.

"அசையாதீங்க!" என்றாள் இத்தோ. அவள் கண் லென்ஸில் ஒட்டியபடியே இருந்தது. குரல் மட்டும் மாறியிருந்தது. "அண்ணே, மூச்சுகூட விடாதீங்க. இங்க வந்து பாருங்க."

பார்த்தேன். மேல் துண்டு வழியாகத் தெரிந்த வண்டு பச்சைப் பசேலென்று ஜொலித்தது. அது மெல்ல இறங்கிக் கீழ்த் துண்டுக்கு வந்ததும் கரித்துண்டாகிவிட்டது. மறுபடி ஏறியது, பச்சை. இறங்கியது, கறுப்பு.

"இது என்ன மந்திரம்?"

"மந்திரம் இல்ல. ரபாத்துல ஒரு பழைய இயற்பியல் புத்தகத்துல அரைப் பக்கம் இருந்துச்சு. ரோஜா வண்டோட ஓட்டுல பட்டுத் திரும்புற வெளிச்சம் இடமாச் சுழலுமாம். எப்பவுமே இடம்தான். சின்ன வயசுல ஆயிரக்கணக்குல பொறுக்கிப் போட்டிருக்கேன், இதுக்குள்ள இப்படி ஒண்ணு இருக்கான்னு அன்னிக்குச் சிரிச்சேன். மறந்தே போச்சு!"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். இடச்சுழி கீழ்த் துண்டில் அல்லவா தெரிய வேண்டும்? மேலே ஜொலிக்கிறதென்றால் தகடு தலைகீழாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் காலையில் எடுத்த படத்தின் அர்த்தமும் தலைகீழ்.

சி மிமூனும் பார்த்தார். கண்கள் விரிந்தன, உடனே சுருங்கின. "ஒரே ஒரு வண்டை நம்பி உலகத்துக்குத் தந்தி அடிக்கிறதா? என் மச்சான் இடதுகைக்காரன். வீட்டுல மத்த எட்டுப் பேரும் வலதுகை. வண்டுலயும் அப்படி ஒண்ணு இருந்தா?"

"நியாயம். இன்னும் வேணும்" என்றாள் இத்தோ.

"எவ்வளவு வேணும்?" என்றாள் ரக்கியா. "வண்டியில மூணு மூட்டை பூ இருக்கு. சனியன் புடிச்சதுங்க அதுக்குள்ள குடும்பமே நடத்துது."

மணி இரண்டேகால். மூட்டைகளை உள்ளே தூக்கி வந்தோம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருட்டறையின் தரை, நான் தினம் இரண்டு வேளை துடைக்கிற தரை. யாரும் கேட்கவில்லை, நானே முதல் மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக் கவிழ்த்தேன்.

அந்த மணத்தை எப்படிச் சொல்ல? கணுக்கால்வரை ரோஜா இதழ். சி மிமூன் கழுத்துப் பட்டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு மண்டியிட்டுத் துழாவினார். "பிடிச்சிட்டேன்!" என்று குழந்தை மாதிரி கத்தினார். ரக்கியா முக்காட்டையே வலையாக்கி வீசினாள். ஒன்று பறந்து போய் இயக்குநரின் வழுக்கையில் உட்கார்ந்தது. "அசையாதீங்க சி மிமூன், அது வேலையில இருக்கு" என்றாள் அவள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. இவ்வளவு குப்பையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

ஒவ்வொன்றாக இடுக்கியில் பிடித்துத் தகட்டின் முன்னால் காட்டினேன், இத்தோ பின்னாலிருந்து சொன்னாள். "மேல பச்சை, கீழ கறுப்பு. அடுத்தது. மேல பச்சை." மாலையில் வந்ததையும் சேர்த்து மொத்தம் பத்தொன்பது. ஒன்றுகூட மாற்றிச் சொல்லவில்லை.

இத்தோ லென்ஸை வைத்தாள். மாலை கழுத்தில் கோணலாகத் தொங்கியது. "புதுசு" என்றாள் மெதுவாக. பிறகு உரக்க, "புதுசு! துருவம் மாறிடுச்சு!" ரக்கியா நாவைச் சுழற்றிக் குலவையிட்டாள். எங்கள் கோபுரத்தில் கல்யாணக் குலவை அதற்கு முன்னால் கேட்டதில்லை, அது உச்சிவரை ஏறி எதிரொலித்துத் திரும்பி வந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

மூன்றரைக்கு வண்டியில் ஏறினோம். முன்னால் ரக்கியாவும் இத்தோவும், பின்னால் நானும் இயக்குநரும். வளைவுகளில் ரக்கியா ஓட்டிய ஓட்டத்துக்கு சி மிமூன் உரக்க பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஓட்டுநர் அறையின் பின்ஜன்னல் வழியாக அவருக்கும் இத்தோவுக்கும் வாக்குவாதம் வேறு. துருவத்தை எதை வைத்து உறுதி செய்தோம் என்று தந்தியில் சொல்லியாக வேண்டும்.

"ஆய்வுக்கூட முறைப்படின்னு போடலாமே" என்றார் அவர். "வண்டுன்னு போட்டா உலகமே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும் சி மிமூன். நாம இன்னிக்குச் சிரிக்கலையா?" என்றாள் இத்தோ.

நாலு இருபத்தைந்துக்குத் தபால் நிலையக் கதவைத் தள்ளினோம். எங்கள் தலையிலும் சட்டையிலும் ரோஜா இதழ்கள். குமாஸ்தா எங்களையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பத்தொன்பது வண்டுன்னு போட்டிருக்கே. ஏதாவது ரகசிய பாஷையா?"

"இல்லய்யா. அதுங்கதான் சாட்சி" என்றேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. துருவம் மாறியதைச் சொன்ன முதல் செய்தி எங்களுடையதுதான், அதற்குப் பிறகு வந்த புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரியில், வாழ்த்துகள், வண்டுகளுக்கும் சேர்த்து. இத்தோ அதை நாலு முறை வாசித்தாள். அவள் அம்மா கீழே இருந்து ஆள் அனுப்பினாள், "சுத்து முடிஞ்சுடுச்சாமே, இனி என்ன சாக்கு?" என்று. இத்தோ அதற்கும் சிரித்தாள்.

இனி சாட்சி தேவையில்லை என்பதால் அன்று மதியம் தகட்டைச் சரியாகத் திருப்பி மாட்டினோம். ஒரு வண்டைக் காட்டிப் பார்த்தோம், கீழே பச்சை, மேலே கறுப்பு. இத்தோ பையிலிருந்து நகச்சாயக் குப்பியை எடுத்து நீட்டினாள்.

"வேண்டாம்மா. அதை என் கை மறுபடியும் துடைச்சிடும்" என்றேன்.

கூரான எழுத்தாணியை எடுத்தேன். தகட்டைப் பிடித்திருக்கும் பித்தளை விளிம்பு, பதினெட்டு வருஷமாக ஒரு கீறல் விழாமல் நான் காத்துவந்தது. அதன் மேல் மூலையில் அழுத்திக் கீறினேன். ஆறு கால், இரண்டு கொம்பு, முட்டை வடிவில் ஒரு முதுகு. அழகாக வரவில்லை.

ரக்கியா எட்டிப் பார்த்தாள். "இது என்ன, ஆடா?"

"வண்டு."

"ஓ" என்றாள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தன் முக்காட்டு நுனியால் அந்தப் பித்தளைத் தூளை அவளே மெல்லத் துடைத்துவிட்டாள்.